லிப்ரே ஆபீஸ் மூலநிரலுக்கு முதல் திருத்தம் அனுப்புவது எப்படி?

நொய்யல் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் கோவையில் ஒரு சிறு நிறுவனத்தில் நெசவு இயந்திரங்களின் கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்கு சி++ மொழியில் நிரல் எழுதுகிறேன். ஆறு ஆண்டு அனுபவம் இருக்கிறது. ஆனால் இதுவரை நான் எழுதிய ஒரு வரிகூட அலுவலகத்துக்கு வெளியே போனதில்லை. வீட்டில் அப்பாவின் தமிழ்க் கட்டுரைகளை ரைட்டர் என்ற ஆவணம் எழுதும் செயலியில் தட்டச்சு செய்து கொடுப்பது என் பொறுப்பு என்பதால், லிப்ரே ஆபீஸோடு பத்தாண்டுப் பழக்கம் உண்டு. காசு கொடுக்காமல் இத்தனை நாள் பயன்படுத்திய மென்பொருளுக்கு என் கையால் ஏதாவது செய்ய வேண்டும் என்று நெடுநாளாக நினைத்து வருகிறேன்.

சென்ற வாரம் கிட்ஹப்பில் அதன் மூலநிரலைத் தேடிப் பார்த்தேன். அது படிப்பதற்கு மட்டுமான நகல், திருத்தத்தைச் சேர்க்கக் கோரும் புல் ரிக்வெஸ்ட் வேண்டாம், கெரிட்டைப் பயன்படுத்துங்கள் என்று அங்கேயே எழுதியிருக்கிறது. எனக்குத் தெரிந்ததோ கிளை பிரித்து, திருத்தி, புல் ரிக்வெஸ்ட் அனுப்பும் முறை மட்டும்தான். கெரிட்டை இதற்குமுன் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அது எப்படி வேலை செய்கிறது என்று யாராவது விளக்க முடியுமா? என் மடிக்கணினியில் 8 ஜிபி நினைவகம்தான் இருக்கிறது. இத்தனை பெரிய மென்பொருளை அதில் பில்ட் செய்ய, அதாவது மூலநிரலிலிருந்து ஓடும் வடிவத்துக்குக் கொண்டுவர, முடியுமா? இவ்வளவு நிரலுக்குள் நான் தொட வேண்டிய இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? வேலையில் இருப்பவன் வெளியே நிரல் கொடுப்பதில் சட்டச் சிக்கல் ஏதேனும் உண்டா என்பதும் தெரியவில்லை. என் ஆங்கிலம் சுமார்தான் என்பதால், அங்கே இருப்பவர்களோடு எழுதிப் பேசுவதை நினைத்தாலும் சற்றுத் தயக்கமாக இருக்கிறது.

நிரல்நெசவு பதில்:

வணக்கம் நண்பரே. கேட்டவற்றில் கெரிட்டை, அதாவது மாற்றங்களைச் சேர்க்கும்முன் மதிப்பாய்வு செய்யும் வலைத்தளத்தை, முதலில் எடுத்துக்கொள்கிறேன். புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் அங்கேதான்.

கிட்ஹப்பில் ஒரு கிளையில் பத்து கமிட்டுகளை, அதாவது பதிந்த மாற்றங்களை, அடுக்கி, அத்தனையையும் ஒரே புல் ரிக்வெஸ்டாக அனுப்பிவிடலாம். கெரிட்டில் ஒரு கமிட் என்றால் ஒரு மாற்றம், அதற்கென ஒரு தனிப்பக்கம், ஒரு தனி மதிப்பாய்வு. மதிப்பாய்வாளர் ஒரு வரியைத் திருத்தச் சொன்னால் அதற்காகப் புதிய கமிட் போடக்கூடாது. ஏற்கெனவே அனுப்பிய அதே கமிட்டைக் கிட் என்ற பதிப்பு மேலாண்மைக் கருவியின் அமெண்ட் வசதியால் மாற்றி மீண்டும் அனுப்ப வேண்டும். அது அதே பக்கத்தில் இரண்டாவது பேட்ச் செட்டாகப் போய் உட்காரும். முதல் செட்டுக்கும் இரண்டாவதுக்கும் என்ன வேறுபாடு என்பதை மதிப்பாய்வாளர் தனியே பார்த்துக்கொள்வார். இரண்டும் ஒரே மாற்றம்தான் என்று கெரிட் அறிந்துகொள்வது, கமிட் செய்தியின் அடியில் தானாகச் சேரும் சேஞ்ச்-ஐடி என்ற வரியைக் கொண்டுதான். செய்தியைத் திருத்தும்போது அந்த வரியைத் தெரியாமல் அழித்துவிட்டால் புதிய பக்கம் ஒன்று திறந்துகொள்ளும். பழைய பக்கத்தில் நடந்த உரையாடல் அங்கேயே தங்கிவிடும். என் இரண்டாவது திருத்தத்தில் இதைத்தான் செய்தேன். ஒருவர் பொறுமையாக விளக்கி, அந்த வரியைப் பழைய பக்கத்திலிருந்து எடுத்து ஒட்டச் சொன்னார்.

கணக்குத் தொடங்கி, உங்கள் எஸ்எஸ்எச் பொதுச்சாவியைக் கெரிட்டில் பதிந்துவிட்டால், மூலநிரலின் முதல் அடைவிலேயே இருக்கும் லோகெரிட் என்ற ஸ்கிரிப்ட் மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். அதற்குச் செட்டப், சப்மிட் என்று துணைக்கட்டளைகள் உண்டு. முதலில் இணைப்பைச் சரிபார்த்துவிட்டு, பிறகு மாஸ்டர் கிளைக்கு அனுப்பலாம். அனுப்பிய மாற்றத்தை ஜென்கின்ஸ் என்னும் தானியங்கி அமைப்பு லினக்ஸ், விண்டோஸ், மேக் ஆகிய மூன்றிலும் பில்ட் செய்து, சோதனைகளை ஓட்டிப் பார்க்கும். உங்கள் கணினியில் ஒழுங்காக ஓடிய நிரல் விண்டோஸ் கம்பைலரில் ஓர் எச்சரிக்கைக்காகத் தோற்பது அங்கே அன்றாட நிகழ்ச்சி, அதைக் கண்டு கலங்க வேண்டாம். ஜென்கின்ஸ் தேர்ச்சி கொடுத்து, நிரலை அறிந்த ஒருவர் பிளஸ் 2 என்ற ஒப்புதல் மதிப்பெண் கொடுத்தால் மாற்றம் உள்ளே போகும்.

அதற்கு முன் ஒரு சிறு கடமை இருக்கிறது. நீங்கள் இதுவரை கொடுத்ததையும் இனிக் கொடுக்கப்போவதையும் எம்பிஎல் 2, எல்ஜிபிஎல் 3 அல்லது அதற்குப் பிந்தையது ஆகிய இரட்டை உரிமத்தில் வெளியிடலாம் என்று, நிரலாளர்களின் பொது அஞ்சல் பட்டியலுக்கு ஒரே ஒருமுறை எழுதி அனுப்ப வேண்டும். அவர்களே தரும் ஒற்றை வாக்கியத்தை அப்படியே அனுப்பினால் போதும். பதிப்புரிமையை யாருக்கும் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. அது உங்களிடமே இருக்கும். இதை நான் முக்கியமாகக் கருதுகிறேன், ஏனெனில் இதற்கு முன்னோடியான ஓபன் ஆபீஸில் பங்களிப்பவர்கள் முதலில் சன் நிறுவனத்தோடும் பிறகு ஆரக்கிளோடும் பதிப்புரிமையைப் பகிர்ந்து கையெழுத்திட வேண்டியிருந்தது. 2010 செப்டம்பரில் லிப்ரே ஆபீஸ் தனியாகப் பிரிந்து, தி டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் அமைந்தபோது அந்த நிபந்தனை இல்லாமல் தொடங்கினார்கள்.

எதைத் திருத்துவது என்று தேர்ந்தெடுக்க, அவர்களின் பக்ஸில்லா வழுப்பட்டியலில் 'ஈஸி ஹேக்' என்ற குறிச்சொல்லைத் தேடுங்கள். தொடக்கநிலை, நடுநிலை என்று கடினமும், சி++, பைத்தான் என்று தேவையான திறனும் அதில் குறிக்கப்பட்டிருக்கும். நிரலில் எந்தக் கோப்பிலிருந்து தொடங்குவது என்ற சுட்டலும் இருக்கும். தலைப்புக் கோப்புகள் இருமுறை சேர்வதைத் தடுக்கும் பழைய பாணிப் பாதுகாப்பு வரிகளை எடுத்துவிட்டு பிராக்மா ஒன்ஸ் இடுவது போன்ற வேலைகளும் அங்கே கிடைக்கும். கெரிட் பழகுவதற்கு அவற்றில் ஒன்று போதும். ஆறு ஆண்டு சி++ எழுதிய நீங்கள் அதிலேயே நின்றுவிடக் கூடாது என்பது என் கருத்து. இரண்டாவதாக எடுப்பது பயனர் ஒருவர் உண்மையாகவே அல்லல்படும் ஒரு வழுவாக இருக்கட்டும்.

ஆங்கிலத்தைப் பற்றி அஞ்ச வேண்டாம். அங்கே இருப்பவர்களில் பலர் ஐரோப்பாவின் பல நாடுகளைச் சேர்ந்தவர்கள். அவர்களில் பலருக்கும் ஆங்கிலம் தாய்மொழியன்று. குறுகிய வாக்கியங்களில், என்ன செய்தேன், என்ன நடந்தது, என்ன நடந்திருக்க வேண்டும் என்ற மூன்றையும் எழுதினால் புரிந்துகொள்வார்கள். நம் பிற்பகல் அவர்களுக்குக் காலை வேளை என்பதால், ஐஆர்சி அரட்டையில் அந்நேரத்தில் கேட்டால் விரைவில் விடை வரும்.

வைகைக்கரை பதில்:

மேலே நண்பர் சொன்னவற்றோடு பில்ட் பற்றியும் இடம் தேடுவது பற்றியும் சேர்க்கிறேன்.

8 ஜிபி நினைவகத்தில் முடியும். நான் முதன்முதலில் செய்ததும் அப்படிப்பட்ட ஒரு கணினியில்தான். வட்டில் 50 ஜிபியாவது காலியாக வைத்துக்கொள்ளுங்கள். உபுண்டு அல்லது டெபியனாக இருந்தால், மூலப் பொதிகளின் களஞ்சியத்தை இயக்கிவிட்டு, லிப்ரே ஆபீஸின் பில்ட் சார்புகளை ஆப்ட் வழியாக ஒரே கட்டளையில் நிறுவிவிடலாம். ஒருமுறை கம்பைல் ஆனதைச் சேமித்து மறுபடி பயன்படுத்தும் சிகேஷ் கருவியை நிறுவத் தவறாதீர்கள். பில்டுக்கு முன் ஓட்டும் ஆட்டோஜென் ஸ்கிரிப்ட் தரும் அமைப்புகளில் ஒரே நேரத்தில் ஓடும் பணிகளின் எண்ணிக்கையை இரண்டாகக் குறைத்துக்கொள்ளுங்கள். நான்காக விட்டபோது, நூலகங்களை லிங்க் செய்யும் கட்டத்தில் நினைவகம் நிரம்பி, சுட்டியைக்கூட நகர்த்த முடியாமல் கணினி உறைந்து நின்றது. முதல் பில்டை இரவு படுக்கப்போகும்முன் தொடங்குங்கள். அதன்பின் ரைட்டரில் ஒரு கோப்பை மாற்றினால் அந்தப் பகுதியை மட்டும் பில்ட் செய்தால் போதும், ஒரு டம்ளர் காப்பி குடித்து முடிப்பதற்குள் ஆகிவிடும். பில்ட் ஆனது தன் அடைவிலிருந்தே ஓடும் என்பதால், அப்பாவின் கட்டுரைகளுக்கு நீங்கள் பயன்படுத்தும் லிப்ரே ஆபீஸுக்கு ஒரு பாதிப்பும் வராது.

இனி இடம் தேடுவது. அடைவுகளின் பெயர்கள் முதலில் புதிராக இருக்கும். எஸ்டபிள்யூ என்பது ரைட்டர், எஸ்சி என்பது விரிதாள் செயலியான கால்க், எஸ்டி என்பது காட்சிப்படங்களுக்கான இம்ப்ரெஸும் வரைபடங்களுக்கான டிராவும். ஸ்டார்ரைட்டர், ஸ்டார்கால்க், ஸ்டார்டிரா என்ற பழைய பெயர்களின் சுருக்கங்கள் அவை. இந்த நிரல் ஸ்டார்டிவிஷன் என்ற ஜெர்மன் நிறுவனத்தில் பிறந்தது. 1999இல் சன் அதை வாங்கி, 2000இல் மூலநிரலைத் திறந்துவிட்டது. அதனால் நிரலுக்கிடையே ஆயிரக்கணக்கான குறிப்பு வரிகள் ஜெர்மன் மொழியிலேயே கிடந்தன. அவற்றைத் தேடிப் பிடிப்பதற்கென்றே ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, ஜெர்மன் தெரிந்தவர்கள் பல ஆண்டுகள் சிறிது சிறிதாக ஆங்கிலமாக்கினார்கள். சி++ அதிகம் தெரியாத ஒருவர்கூட அந்த வேலையால் உள்ளே நுழைய முடிந்தது என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மகிழ்ச்சியாக இருக்கிறது.

திரையில் தெரியும் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்குவதுதான் நான் கையாளும் முறை. எடுத்துக்காட்டாக, ரைட்டரில் சொல் எண்ணிக்கை காட்டும் உரையாடல் பெட்டியில் ஏதோ கோளாறு என்று வைத்துக்கொள்வோம். மெனுவில் உள்ள ஆங்கிலச் சொல்லைக் கிட் கிரெப் கொண்டு தேடினால், மெனுக் கட்டளைகளைப் பட்டியலிடும் எக்ஸ்சியூ கோப்பு ஒன்றில் அது அகப்படும். அதன் பக்கத்திலேயே வேர்ட்கவுன்ட்டயலாக் என்ற, லிப்ரே ஆபீஸ் தனக்குள் பயன்படுத்தும் யூனோ கட்டளையின் பெயர் இருக்கும். அந்தப் பெயரை மீண்டும் தேடினால், எஸ்டபிள்யூ அடைவுக்குள் அக்கட்டளைக்குரிய எண்பெயருக்கு அழைத்துச் செல்லும்; அதையும் தேடினால், கட்டளை வந்தவுடன் ஓடும் சி++ நிரலின் முன் போய் நிற்பீர்கள். மூன்றே தேடல்கள். அங்கே ஒரு பிரேக்பாயின்ட் வைத்து, பெட்டியைத் திறந்து, நிரல் வந்து நிற்பதைப் பார்த்துவிட்டீர்களானால் அத்தனை பெரிய நிரல் என்ற மலைப்பு பாதி குறைந்துவிடும்.

தமிழில் தட்டச்சு செய்கிறவர் என்பதால் உங்களுக்கு மட்டும் கண்ணில் படக்கூடிய ஒரு வகை வழு இருக்கிறது. லிப்ரே ஆபீஸ் எழுத்துரு, அளவு, தடிப்பு, சாய்வு போன்ற சில எழுத்துப் பண்புகளை மூன்று தனி மதிப்புகளாக வைத்திருக்கிறது: மேலை எழுத்துகளுக்கு ஒன்று, சீன, ஜப்பானிய, கொரிய எழுத்துகளுக்கு ஒன்று, சிக்கலான எழுத்தமைப்பு என்ற சிடிஎல் பிரிவுக்கு ஒன்று. தமிழ், இந்தி, அரபு, தாய் எல்லாம் மூன்றாவதில் அடங்கும். எழுத்தின் அளவை மாற்றும் புதிய வசதி ஒன்றை எழுதுகிறவர் முதல் மதிப்பை மட்டும் மாற்றிவிட்டால், ஆங்கிலத்தில் எல்லாம் சரியாக ஓடும். 'அம்மா' என்று தட்டினால் மட்டும் எழுத்து பழைய அளவிலேயே நிற்கும். நான் எழுதிய ஒரு திருத்தத்திலேயே இந்தத் தவறு இருந்தது. சோதனைகள் அனைத்தும் தேறிவிட்டன, ஏனென்றால் அவற்றில் இருந்தவை ஆங்கிலச் சொற்கள். அனுப்பும்முன் வழக்கம்போல ஒரு தமிழ் வரியை ஒட்டிப் பார்த்ததால் தப்பித்தேன். எந்த மாற்றத்தைச் செய்தாலும் ஒருமுறை தமிழில் ஓட்டிப் பாருங்கள். மதிப்பாய்வாளருக்கு இதைச் செய்து பார்க்க வழியில்லாமல் இருக்கலாம்.

ஆனால் கொம்பும் காலும் இடம் மாறித் தெரிவது, புள்ளி விலகி நிற்பது போன்ற எழுத்துருவச் சிக்கல்களை உடனே லிப்ரே ஆபீஸின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். 2017இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து எல்லா இயங்குதளங்களிலும் எழுத்துகளைக் கோத்துத் தருவது ஹார்ஃப்பஸ் என்ற தனி நூலகம். ஃபயர்ஃபாக்ஸும் அதைத்தான் பயன்படுத்துகிறது. அதே எழுத்துருவில் அதே சொல் ஃபயர்ஃபாக்ஸிலும் பிழையாகத் தெரிந்தால் குறை பெரும்பாலும் எழுத்துருவிலோ ஹார்ஃப்பஸிலோ இருக்கும். ரைட்டரில் மட்டும் தெரிந்தால் நீங்கள் தேட வேண்டிய இடம் ரைட்டர்.

முன்பு சரியாக இருந்து இப்போது கெட்டுப்போன வழுவாக இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. பிபைசெக்ட் என்று அவர்கள் அழைக்கும் களஞ்சியங்களில், ஏற்கெனவே பில்ட் செய்யப்பட்ட பதிப்புகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். நீங்கள் எதையும் பில்ட் செய்யாமலே, நடுப்பதிப்பை எடுத்து ஓட்டிப் பார்த்து நல்லதா கெட்டதா என்று சொல்லிக்கொண்டே போனால், நான்காயிரம் பதிப்புகளுக்குள் பன்னிரண்டு சோதனைகளில் குற்றவாளியான கமிட் சிக்கிவிடும். அதை வழுப்பக்கத்தில் எழுதினாலே பாதி வேலை முடிந்ததாக நினைத்துக்கொள்ளலாம், அந்த கமிட்டை எழுதியவரே பல நேரங்களில் வந்து திருத்திவிடுவார்.

மதுரைப்பித்தன் பதில்:

வேலை தொடர்பாகக் கேட்டதற்கு மட்டும் எழுதுகிறேன். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 17ஆம் பிரிவின்படி, பணி ஒப்பந்தத்தின் கீழ் வேலையின் பகுதியாக எழுதப்பட்டதற்கு, வேறு உடன்பாடு இல்லாதவரை, முதலாளிதான் முதல் உரிமையாளர். வீட்டில், சொந்தக் கணினியில், தொடர்பில்லாத ஒன்றை எழுதுவது அதில் சேராது என்று வாதிடலாம். ஆனால் பல நிறுவனங்களின் பணி ஒப்பந்தம், வேலையில் இருக்கும் காலத்தில் எழுதும் எல்லாமே தமக்குச் சொந்தம் என்று அதைவிட அகலமாக வலை விரித்திருக்கும். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் அப்படித்தான் இருந்தது. அனுமதி கேட்டு மூன்று மாதம் விடை வராமல், எழுதி முடித்த ஒரு திருத்தத்தை அனுப்பாமலே வைத்திருந்தேன். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஆகவே நிரலைத் தொடும்முன் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். உங்களுடையது சிறு நிறுவனம் என்கிறீர்கள். உரிமையாளரிடம் நேரில் பேசி, எந்த மென்பொருள், எந்த உரிமம், அலுவலக நேரமும் கருவிகளும் பயன்படாது என்ற மூன்றையும் குறிப்பிட்டு, ஒரு மின்னஞ்சலில் சம்மதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உரிம அறிவிப்பை அஞ்சல் பட்டியலுக்கு அனுப்புவது அதன் பிறகு இருக்கட்டும்.

நொய்யல்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். உரிமையாளர் அன்றே சம்மதம் எழுதிக் கொடுத்துவிட்டார். பில்ட் இரவு பத்து மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை எட்டு மணியளவில் முடிந்தது. பிராக்மா ஒன்ஸ் வேலையில் ஒரு சிறு திருத்தம் அனுப்பினேன், அது உள்ளே போய்விட்டது. கமிட்டில் என் பெயரைப் பார்த்து அப்பா ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டார்.

இப்போது இரண்டாவது அனுப்பியிருக்கிறேன். ஓர் உரையாடல் பெட்டியில் செய்த மாற்றம் தமிழ் எழுத்துகளுக்குப் பொருந்தாமல் இருந்ததைச் சரிசெய்யும் திருத்தம் அது. அதற்கு மதிப்பாய்வாளர் ஒருவர் மைனஸ் 1 கொடுத்து, சோதனை நிரல் ஒன்று சேர்க்கும்படியும், தொடர்பில்லாத வரிகளின் இடைவெளியை மாற்றியிருப்பதை விலக்கும்படியும் எழுதியிருக்கிறார். என் எடிட்டர் தானாகவே அந்த இடைவெளிகளைத் திருத்தியிருக்கிறது, நான் கவனிக்கவில்லை. மைனஸ் 1 என்றால் மறுத்துவிட்டார்கள் என்று பொருளா? சோதனையை எங்கே, எப்படி எழுதுவது?

நிரல்நெசவு பதில்:

மறுப்பு இல்லை நண்பரே. இந்த வடிவில் இப்போது சேர்க்க வேண்டாம் என்பதற்கு மேல் அதற்குப் பொருள் கிடையாது. அவர் உங்கள் நிரலை வரிவரியாகப் படித்திருக்கிறார் என்பதற்கு அந்த இரண்டு குறிப்புகளுமே சான்று.

இடைவெளி மாற்றங்களை அவசியம் எடுத்துவிடுங்கள். இரண்டு ஆண்டு கழித்து யாரோ ஒருவர், இந்த வரி ஏன் இப்படி இருக்கிறது என்று, ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றிய கமிட்டைக் காட்டும் கிட் பிளேமில் பார்ப்பார். வழுவுக்குத் தொடர்பே இல்லாத வரியில் உங்கள் கமிட் வந்து நின்றால் அவர் தேடும் காரணம் ஒரு படி பின்னால் தள்ளிப்போய்விடும். எடிட்டரில் அந்தத் தானியங்கித் திருத்தத்தை இந்தக் களஞ்சியத்துக்கு மட்டும் நிறுத்தி வையுங்கள். அனுப்பும்முன் கிட் டிஃப் காட்டும் ஒவ்வொரு வரிக்கும், இது இந்த வழுவுக்குத் தேவைதானா என்று கேட்டுப் பாருங்கள்.

சோதனையை ரைட்டரின் அடைவுக்குள் உள்ள கியூஏ என்ற துணை அடைவில் சேர்க்க வேண்டும். உங்கள் வழுவுக்கு நெருங்கிய ஒரு கோப்பு அங்கே கட்டாயம் இருக்கும். அதில் ஏற்கெனவே உள்ள ஒரு சோதனையைப் பார்த்து அதே அமைப்பில் எழுதுங்கள். ஒரு வெற்று ஆவணத்தைத் திறந்து, ஒரு தமிழ்ச் சொல்லைச் செருகி, உங்கள் கட்டளையைச் செலுத்தி, சிடிஎல் பிரிவின் எழுத்தளவை எடுத்து ஒப்பிட்டால் போதும். எழுதி முடித்ததும் உங்கள் திருத்தத்தை மட்டும் தற்காலிகமாக நீக்கிவிட்டுச் சோதனையை ஓட்டுங்கள். அது தோற்க வேண்டும். தோற்கும்போது எதிர்பார்த்த மதிப்பு 14, கிடைத்த மதிப்பு 12 என்பதுபோல் திரையில் வரும். 'இந்தத் திருத்தம் இல்லாவிட்டால் சோதனை இவ்வாறு தோற்றிருக்கும்' என்ற முன்னுரையோடு அந்த இரண்டு வரிகளையும் சோதனைக்கு மேலே குறிப்பாக எழுதி வைப்பது அங்கே வழக்கம். திருத்தம் இல்லாமலும் தேறிவிடுகிற சோதனையால் யாருக்கும் பயனில்லை என்பதால், மதிப்பாய்வாளர் முதலில் தேடுவதும் அந்தக் குறிப்பைத்தான்.

கமிட் செய்தியின் முதல் வரி டிடிஎஃப் என்ற முன்னொட்டோடு வழு எண்ணில் தொடங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்படித் தொடங்கினால், மாற்றம் உள்ளே போனதும் வழுப்பக்கத்தில் தானாகவே குறிப்பு ஏறிவிடும். பிறகு அமெண்ட் செய்து அனுப்புங்கள். சேஞ்ச்-ஐடி வரியைத் தொடாதீர்கள். அவர் எழுதிய இரண்டு குறிப்புகளுக்கும் கீழே, செய்துவிட்டேன் என்று ஒரு சொல்லாவது எழுதி, அவற்றைத் தீர்ந்ததாகக் குறித்துவிடுங்கள்.

நொய்யல்:

நன்றி அண்ணா. திருத்தத்தை நீக்கி ஓட்டியபோது சோதனை தோற்றது, சேர்த்தபின் தேறியது. இடைவெளி மாற்றங்களை விலக்கியதும் முப்பத்தேழு வரியாக இருந்த மாற்றம், சோதனை நீங்கலாக, நான்கு வரியாகச் சுருங்கிவிட்டது. இரண்டாவது பேட்ச் செட்டை இப்போதுதான் அனுப்பினேன். லினக்ஸிலும் மேக்கிலும் தேறிவிட்டது. விண்டோஸ் பில்ட் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.